குற்ற உணர்ச்சியில் மிகச் சிறப்பு

எங்கள் தெரு முனையில் இருக்கும் மஞ்சள் கட்டடத்தில் முன்பு ஒரு பல் ஆஸ்பத்திரி இருந்தது. ஜனங்கள் பயந்துகொண்டே உள்ளே போய், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வருவார்கள். இப்போது அங்கே வெளிநாட்டார் போர்த்துக்கீசிய உணர்ச்சி வெளிப்பாட்டுக் கழகம் இருக்கிறது. உள்ளே போய் வருகிறவர்களின் முகத்தில் பெரிய மாற்றம் எதையும் நான் பார்க்கவில்லை.

கழகத்துக்கு எதிரே நான் பேப்பர் கடை வைத்திருக்கிறேன். பத்திரிகை, லாட்டரி, சிகரெட், ஜெராக்ஸ். கழகம் வந்த பிறகு ஜெராக்ஸ் மெஷினுக்கு ஓய்வே இல்லை. அந்தச் சோற்றைத் தின்றுகொண்டு அவர்களைத் திட்டக் கூடாது என்பாள் என் மனைவி. எனக்கென்னவோ, திட்டுவதற்கு என்னைவிடத் தகுதியான ஆள் இந்த போர்ட்டோ நகரத்தில் கிடையாது என்று தோன்றுகிறது.

கழகம் உண்டான காரணம் இதுதான். எங்கள் போர்ச்சுகல் நாட்டுக்குப் பிழைக்க வருகிறவர்கள் மொழியைக் கற்றுக்கொள்கிறார்கள், ரொட்டி வாங்குகிறார்கள், வரி கட்டுகிறார்கள், ஆனால் உணர்ச்சியை மட்டும் இன்னும் தங்கள் ஊர் பாஷையிலேயே படுகிறார்கள் என்று மேலிடத்தில் யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். அது ஒற்றுமைக்கு ஆபத்தாம். ஆகவே குடும்பத்தை இங்கே வரவழைக்க வேண்டும் என்றால், சந்தோஷம், துக்கம், பயம், ஏக்கம், குற்ற உணர்ச்சி ஆகியவற்றைப் போர்த்துக்கீசிய மொழியில் சரியாக வெளிப்படுத்தத் தெரியும் என்று கழகம் சான்றிதழ் கொடுக்க வேண்டும். ஏக்கத்துக்கு மட்டும் தனி மாடி. அந்த மாடிக்கு லிப்ட் போகாது. போகாததும் பாடத்திட்டத்தில் சேர்த்தி என்று சொல்லிவிட்டார்கள்.

ஒத்தார் என்பவன் ஜார்ஜியாக்காரன். குத்தாயிசி என்ற ஊரிலிருந்து வந்தவன். நாற்பதை நெருங்குகிறவன், பெரிய தோள், சின்னக் குரல். மேல் தெருவில் அபீலியோவின் உப்பு மீன் கடையில் வேலை. பலகை போல விறைத்துக் கிடக்கிற காட் மீனை ரம்பத்தில் வைத்து அறுப்பதும், வாடிக்கையாளர் கேட்டால் தொட்டியில் ஊறப்போட்டு உப்பை இறக்கிக் கொடுப்பதும் அவன் பொறுப்பு. ஊரில் அவன் மனைவி நத்தேலா தனியாக இருந்தாள். படுத்த படுக்கையாகக் கிடந்த அவன் அப்பாவை அவள்தான் கடைசிவரை பார்த்துக்கொண்டாள். அப்பா போனபோது இவனால் போக முடியவில்லை, ஏனென்றால் இங்கே காகிதங்கள் பாதியில் நின்றன. அதன்பிறகு அவனுக்கு ஒரே நினைப்புதான், அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். அவளுடைய விசா மனு முழுமை பெற ஒரே ஒரு சான்றிதழ் பாக்கி.

சந்தோஷத்தில் அவன் முதலில் தோற்றான். தேர்வாளர் அவனிடம், "எப்படி இருக்கீங்க?" என்று கேட்க, இவன் சிரித்த முகமாக, "ரொம்ப நல்லா இருக்கேன்" என்று சொல்லித் தொலைத்துவிட்டான். இந்த நாட்டில் அப்படிப் பதில் சொல்கிறவன் ஒன்று குடித்திருக்க வேண்டும், அல்லது எதையோ விற்க வந்திருக்க வேண்டும். "என்னமோ ஓடுது" என்று, முட்டி வலிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும் என்று அவனுக்குக் கிராசியேத் சொல்லிக்கொடுத்தாள். அடுத்த தடவை தேறிவிட்டான்.

கிராசியேத் அவன் குடியிருந்த கட்டடத்தின் தரைத்தளத்தில் இருப்பவள். அவன் வயதுதான் இருக்கும். மெட்ரோ ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டரில் உட்காருகிறாள். வாய் கொஞ்சம் நீளம், கொடுக்கிற கை அதைவிட நீளம். அவனுக்கு அறை கிடைக்க வீட்டுக்காரரிடம் உறுதி சொன்னவளே அவள்தான். அவனுக்கு வரும் கடிதங்களை வாங்கி வைப்பாள், ராத்திரியில் சூப் கொண்டுபோய்க் கொடுப்பாள், கொடுக்கும்போது அவன் அறை நாறுகிறது என்றும் சொல்லிவிட்டு வருவாள். அவள் புருஷன் அமதேவ் லக்சம்பர்க்கில் கட்டட வேலை. வருடா வருடம் ஆகஸ்டில் காரில் வருவான், மாதம் முடிந்தால் போய்விடுவான். அவளும் ஒரு நத்தேலாதான், நாடு மட்டும்தான் வேறு.

மற்ற எல்லாவற்றையும் முடித்து, ஒத்தார் கடைசியில் குற்ற உணர்ச்சிக்கு வந்து சேர்ந்தான். அதைக் கழகத்தின் தலைவி, பேராசிரியை டாக்டர் எர்மெங்கார்தா நேரடியாக நடத்துகிறார். எங்கள் நாட்டில் பட்டம் வாங்கியவர் எல்லாரும் டாக்டர்தான் என்பதால், உண்மையிலேயே டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் அதற்கு முன்னால் இன்னும் எதையாவது சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவருக்கு உதவி, என்ஜினியர் தெலெஸ். குடிநீர் வாரியத்தில் கசிவு கண்டுபிடிக்கும் பிரிவில் இருந்தவர். அங்கே ஆள் அதிகமாகிவிட, கண்ணீர்ப் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். பெருமூச்சை அளக்க ஒரு கருவி வைத்திருக்கிறார், பார்த்தால் தண்ணீர் மீட்டர் போலவே இருக்கும்.

குற்ற உணர்ச்சிக்கு மட்டும் விதிகள் கடுமை. முன்பெல்லாம் எந்தக் குற்றத்தையும் கற்பனையாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தார்கள். ஒரு உக்ரைன்காரர் தன் கூட்டாளியைக் கொன்று ஆற்றில் போட்டதாக அவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டார். போலீஸ் வந்து, ஆற்றில் ஆள் இறக்கித் தேடி, கடைசியில் அது பாடப்புத்தகத்தின் பயிற்சியிலிருந்து எடுத்தது என்று தெரிந்தது. அதிலிருந்து, குற்றம் நிஜமாக இருக்க வேண்டும், இந்த மண்ணில் நடந்திருக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் போர்த்துக்கீசியராக இருக்க வேண்டும், தேர்வுக்கு நேரில் வர வேண்டும். கூடவே சம்பந்தமில்லாத ஒரு சாட்சியும் வர வேண்டும்.

ஒத்தார் நேர்மையாக, தன்னிடம் இருந்த குற்ற உணர்ச்சியைக் கொண்டுபோய் வைத்தான். மனைவியைத் தனியே விட்டுவிட்டு வந்தேன், என் அப்பாவைச் சுமக்கிற பாரத்தை அவள் தலையில் போட்டேன், அவர் சாவுக்குக்கூடப் போகவில்லை என்றான். சொல்லும்போது குரல் உடைந்ததாம். டாக்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அது இறக்குமதிச் சரக்கு என்றார். ஜார்ஜியாவில், ஜார்ஜியருக்கு, ஜார்ஜியரால் இழைக்கப்பட்டது. கழகத்தின் அதிகாரம் எல்லையில் முடிந்துவிடுகிறது.

"உள்ளூர்ல ஏதாவது பண்ணிட்டு வாங்க" என்றார். "சின்னதா இருந்தாலும் போதும். தேர்வு ஜூலை கடைசியில. அதை விட்டா அடுத்த வருஷம்தான்."

அடுத்த வருஷத்துக்குள் நத்தேலாவின் மருத்துவச் சான்றும் மற்றதும் காலாவதியாகி, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். ஆகவே அவன் குற்றம் தேடிப் புறப்பட்டான்.

தேடிப் பார்த்தால்தான் தெரியும், எங்கள் ஊரில் குற்றம் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று. பஸ்ஸில் ஒரு கிழவரின் காலை மிதித்தான். கிழவர் இவனிடம் மன்னிப்புக் கேட்டார். கடையில் ஒரு நல்ல மீனைக் கோணலாக அறுத்துவிட்டு முதலாளியிடம் போய் நின்றான். அபீலியோ நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பரவாயில்ல விடு, மீன் உருண்டைக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டார். என் கடையில் ஒரு பத்திரிகையை எடுத்துக்கொண்டு காசு தராமல் போய், வாசலிலிருந்து திரும்பிப் பார்த்தான். அப்புறம் தருவான் என்று நான் விட்டுவிட்டேன். விஷயம் தெரிந்திருந்தால் துரத்திக்கொண்டு போயிருப்பேன். "பரவாயில்லை" என்ற சொல் எங்கள் வாயில் எச்சில் போல ஊறிக்கொண்டே இருக்கிறது, எதிராளி வாக்கியத்தை முடிப்பதற்குள் துப்பிவிடுகிறோம். கழக விதிப்படி, வாக்கியம் முடிவதற்குள் மன்னிப்புக் கிடைத்தால் தேர்வு செல்லாது.

இப்படி இருக்கும்போதுதான் ஜூன் மாதத்துப் புனித யோவான் திருவிழா வந்தது. ஊரே தெருவில் மத்தி மீனைச் சுட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் சுத்தியலால் ஒருவர் மண்டையில் ஒருவர் தட்டிக்கொண்டு திரிகிற நாள். அந்த நாளில் ஆசைப்பட்டவர்களுக்கு மஞ்செரிக்கோ கொடுப்பது எங்கள் வழக்கம். துளசி ஜாதி, பொடி இலை, சின்னத் தொட்டியில் பந்து போல உருண்டையாக இருக்கும், நடுவில் காகிதக் கொடி செருகி அதில் நாலு வரி காதல் பாட்டு எழுதியிருப்பார்கள். அதன் வாசனையைப் பிடிக்க ஒரு முறை இருக்கிறது. உள்ளங்கையால் செடியை மெல்லத் தடவி, கையை முகர வேண்டும். மூக்கை நேராகச் செடியில் வைக்கவே கூடாது. வைத்தால் செடி வாடிவிடும், கொடுத்தவனின் அன்பும் கூடவே வாடும். நடக்கப் பழகும் குழந்தைக்கும் இது தெரியும்.

அமதேவ் எங்கே இருந்தாலும் வருடா வருடம் பூக்கடைக்குப் போன் போட்டு கிராசியேத்துக்கு ஒரு தொட்டி அனுப்பிவிடுவான். அவள் அதை ஜன்னல் மேடையில் வைத்து, தெருவே பார்க்கும்படி தண்ணீர் ஊற்றுவாள். திருவிழாவன்று காலை ஒத்தார் அந்தப் பக்கமாக வந்தான், நல்ல வாசனை என்றான், குனிந்தான், மூக்கைச் செடிக்குள் காதுவரை விட்டான்.

தெரு அப்படியே நின்றுவிட்டது. மீன் சுட்டுக்கொண்டிருந்தவர் விசிறுவதை நிறுத்தினார். கிராசியேத் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு சிரித்தாள்.

"அடப்பாவி, என் குடும்பத்துலயே மூக்க விட்டுட்டியே" என்றாள்.

விஷயத்தை நான்தான் அவனுக்கு விளக்கினேன். கேட்கக் கேட்க அவன் முகம் மலர்ந்ததை இப்போதும் மறக்க முடியவில்லை. மறுநாளே கழகத்துக்கு ஓடினான்.

டாக்டர் எர்மெங்கார்தாவுக்கு அது பரம திருப்தியாக இருந்தது. இவ்வளவு தேசியத் தன்மையுள்ள குற்றத்தை எந்த வெளிநாட்டாரும் இதுவரை செய்ததில்லை என்று பாராட்டினார். ஆனால் ஒரு குறை இருந்தது. செடி உயிரோடு இருக்கிறதே. விளைவு இல்லாத குற்றத்துக்கு உணர்ச்சி எங்கிருந்து வரும்? செடி வாடட்டும், பாதிக்கப்பட்டவர் மனம் நோகட்டும், பிறகு தேர்வுக்கு வாருங்கள் என்று பெயரைப் பதிந்துகொண்டார்.

ஒத்தார் காத்திருந்தான். தினமும் வேலைக்குப் போகும்போது, அவள் ஸ்டேஷனுக்குப் போய்விட்ட பிறகு, ஜன்னலில் குனிந்து மூக்கை வைத்து நன்றாக இழுத்தான். செடி இரண்டு மடங்கு தழைத்தது. சாதாரணமாக இந்தச் செடி யோவான் திருவிழா முடிந்து சில நாளிலேயே பழுத்துப்போகும். இது மட்டும் ஜூலை வெயிலில் கரும்பச்சையாக நின்றது. தெருவில் எல்லாரும் அமதேவின் அன்பை மெச்சினார்கள். கிராசியேத் என் கடைக்கு வந்தபோது, இந்த ஆகஸ்டில் அவனை ஒரேயடியாக இங்கேயே தங்கிவிடச் சொல்லிக் கேட்கப் போவதாகச் சொன்னாள். செடியைப் பார்த்தால் தைரியம் வருகிறதாம்.

தேர்வு நெருங்கியது. நத்தேலா போனில், ஜன்னலுக்குத் திரை தைத்துவிட்டேன், அகலம் சரியாக இருக்குமா என்று கேட்டிருக்கிறாள். அன்று சாயங்காலம் ஒத்தார் கடையிலிருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்தான். மீன் ஊறிய தொட்டித் தண்ணீர். கடலைவிட உப்பு. அதைக் கிராசியேத்தின் செடிக்கு ஊற்றினான்.

இதை அப்போது நானும் அறியேன், யாரும் அறியார். நாங்கள் பார்த்ததெல்லாம், செடி இலையைக் கருக்கிக்கொண்டு கவிழ்ந்துவிட்டது என்பதுதான். மூக்கு வேலையைக் காட்டிவிட்டது என்று தெரு தீர்ப்புச் சொன்னது.

ஒத்தார் எதிர்பார்த்தது அதோடு சரி. ஒரு செடி, கொஞ்சம் வருத்தம், ஒரு மன்னிப்பு, பிறகு புதுச் செடி வாங்கிக் கொடுத்துவிடலாம். கிராசியேத் இப்படி ஒன்று செய்வாள் என்று அவன் நினைக்கவில்லை. அவள் மத்தியான இடைவேளையில் லக்சம்பர்க்குக்குப் போன் போட்டு, செடி செத்துவிட்டது, அங்கே யாரையாவது வைத்திருக்கிறாயா என்று கேட்டுவிட்டாள். அமதேவ் யாரையும் வைத்திருக்கவில்லை. கோபத்தை மட்டும்தான் வைத்திருந்தான். சாரத்தின் மேல் நின்றுகொண்டு போனை எடுத்த மனுஷன், என்னைவிட அந்தத் தொட்டியை நம்புகிறாய் என்றால் ஆகஸ்டைத் தொட்டியோடேயே கழித்துக்கொள் என்று வைத்துவிட்டான். அந்தச் சூட்டிலேயே தன் விடுமுறையை இன்னொருத்தனுக்கு மாற்றிக் கொடுத்தும் விட்டான். ரோஷம் இறங்கிய பிறகு விடுமுறையைத் திரும்பக் கேட்க முடியவில்லை.

இது ஒத்தார் காதுக்கும் வந்தது. தேர்வுக்கு வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லிப் பார்த்தான். அவள் கேட்கவில்லை. ஒரு குடும்பமாவது ஒன்று சேரட்டும், நான் வருகிறேன் என்றாள். சாட்சியாக என்னைக் கூப்பிட்டாள்.

தேர்வு நாளன்று அவள் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போடுகிற உடுப்பில் வந்தாள். கண் இமை வீங்கியிருந்தது. பழக்கத்தில் "பரவாயில்லை" என்று சொல்லிவிடக் கூடாதே என்று வாயில் ஒரு மிட்டாயைப் போட்டு இறுக்கி மூடிக்கொண்டாள். முன்பு பல் பிடுங்கிய அதே அறை. நாற்காலியை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

டாக்டர் எர்மெங்கார்தா தொடக்க உரை ஆற்றினார். இந்தக் கழகம் யாரையும் வேதனைப்படுத்துவதில்லை, வேதனைக்கு ஒரு ஒழுங்கு கற்பிக்கிறது என்றார். பிறகு மார்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்:

"என்னோட இத்தனை வருஷ சேவையில நான் யார்கிட்டயும் மன்னிப்புக் கேட்க வேண்டிய நிலைமை வந்ததே இல்ல. அதனாலதான் இந்தப் பாடத்தை நடுநிலையோட நடத்த முடியுது."

என்ஜினியர் தெலெஸ் தலையாட்டி, கருவியின் குழாயை ஒத்தாரின் மார்புக்கு நேரே திருப்பி வைத்தார். தன் பங்குக்கு அவரும், குற்ற உணர்ச்சியில் வீணாவது அதிகம், சரியான குழாய் போட்டால் ஒரு குற்றத்தை வைத்து ஒரு குடும்பம் தலைமுறைக்கும் ஓட்டலாம் என்று தெரிவித்தார்.

ஒத்தார் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தான். உங்கள் வழக்கம் அறியாமல் மூக்கை வைத்தேன், உங்கள் செடி என்னால் வாடியது, ஆழ்ந்து வருந்துகிறேன். ஒரு பிழை இல்லை. டாக்டர் அம்மா விரலால் தாளம் போட்டுக் கேட்டார். மீட்டர் அசையவில்லை என்று என்ஜினியர் காதோடு சொன்னார். உடனே டாக்டர் அம்மா, பாதிக்கப்பட்டவர் தன் நஷ்டத்தை எடுத்துரைக்கலாம், அது தேர்வருக்குத் தூண்டுதலாக இருக்கும் என்றார்.

கிராசியேத் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கினாள்.

"செடி போனா போகுதுங்க டாக்டரம்மா. மோந்து பாத்தா செடி செத்துடுமா? சின்னக் கொழந்தையா நானு? நாந்தான் லூசு மாதிரி அத நம்பி அந்த மனுஷனக் கேக்கக் கூடாதத கேட்டுட்டேன். அவரு இந்த வருஷம் வரல. அது என் வாயால வந்தது. இவன் மேல ஒரு தப்பும் கெடையாது. எழுதிக்கங்க, இவன் மேல ஒரு தப்பும் கெடையாது."

ஒத்தார் அவளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, மனப்பாடத்தில் இல்லாததைச் சொன்னான்.

"மூக்கு இல்ல, கிராசியேத் அம்மா. உப்புத் தண்ணி. மீன் தொட்டித் தண்ணி. நான் ஊத்தினேன். செடி சாகல, நாள் ஆவுது, அதனால ஊத்தினேன்."

அறையில் கருவி மட்டும் கடகடவென்று ஓடிற்று. என்ஜினியர் சந்தோஷமாக அதைத் திருகிப் பிடித்தார்.

கிராசியேத் மிட்டாயை எடுத்துக் கைக்குட்டையில் வைத்தாள். "தெரிஞ்சேவா?" என்றாள்.

"தெரிஞ்சே."

"செடி வாடினதுக்கு முந்தின ராத்திரி நான் சூப் குடுத்தேனே. அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. டாக்டர் எர்மெங்கார்தா முன்னால் சாய்ந்து, பாதிக்கப்பட்டவர் மன்னிக்கிறாரா இல்லையா, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டும், குறிப்பில் எழுத வேண்டும் என்றார். கிராசியேத் அவர் பக்கமே திரும்பவில்லை. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"உன் பொண்டாட்டி வரட்டும்பா. வந்து நல்லா இருக்கட்டும். நீ மட்டும் இனிமே என் கதவத் தட்டாத."

அவள் படியிறங்குகிற சத்தம் கேட்டு முடியும்வரை நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தால் டாக்டர் அம்மாவும் என்ஜினியரும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். மன்னிப்பு மறுக்கப்பட்டிருக்கிறது, ஆகவே குற்றம் நிஜம், ஆகவே உணர்ச்சியும் நிஜம், இவ்வளவு சுத்தமான முடிவு கழகத்தின் வரலாற்றிலேயே இல்லை என்றார் டாக்டர் அம்மா. இடையில் கொஞ்சம் வினைச்சொல் பிசகியது, அதைப் பெருந்தன்மையோடு விட்டுவிடுகிறேன் என்றார். ஒத்தாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இத அடுத்த வருஷ மாணவர்களுக்குப் பாடமா வைக்கலாம்னு இருக்கேன். ஆட்சேபணை இல்லையே? அந்தம்மாவும் மறுபடி வந்து அந்தக் கடைசி வரிய மட்டும் சொல்லிக் குடுத்தா நல்லா இருக்கும்."

எனக்கு வாயில் வந்ததை நான் அங்கே சொல்லியிருந்தால், வினைச்சொற்கள் எல்லாம் சரியாகவே இருந்திருக்கும். ஆனால் ஒத்தாரின் சான்றிதழ் இன்னும் அவர் கையில் இருந்தது.  "குற்ற உணர்ச்சி: மிகச் சிறப்பு" என்று தங்க எழுத்தில் போட்டுக் கொடுத்தார்கள். அவன் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, தரைத்தள ஜன்னலைப் பார்க்காமல் இருப்பதற்காகத் தெருவின் எதிர்ப்பக்கமாகவே வீட்டுக்குப் போனான். அன்றிலிருந்து அப்படித்தான் போகிறான். புதுத் தொட்டி ஒன்று வாங்கி அவள் வாசலில் வைத்துப் பார்த்தான். அது அங்கேயே, யாரும் தொடாமல், காய்ந்தது.

நத்தேலா நவம்பர் மழையில் வந்து சேர்ந்தாள். ஒல்லி உடம்பு, நரை விழத் தொடங்கிய தலை, கையில் மடித்து வைத்த திரைச்சீலை. கிராசியேத் சொன்ன சொல் மாறாதவள். ஒத்தார் வேலைக்குப் போன பிறகு மேலே ஏறிப்போய் அவளுக்குச் சூப் கொடுத்தாள், தன் கம்பளிச் சட்டையைக் கொடுத்தாள், சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போய் எவன் எடையில் ஏமாற்றுவான் என்று காட்டிக்கொடுத்தாள். "எப்படி இருக்கீங்க?" என்றால் என்ன சொல்ல வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தாள். ஒத்தாரின் காலடி படியில் கேட்டால் மட்டும் கீழே இறங்கிவிடுவாள்.

நத்தேலா புருஷனைக் கேட்டிருக்கிறாள். இவ்வளவு நல்லவள், உன் பேரை எடுத்தால் முகம் சுருங்குகிறதே, அவளுக்கு நீ என்ன செய்தாய்? அவன் பல நாள் மழுப்பிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சொல்லிவிட்டான். தங்கள் பாஷையில், குறுக்கே கேள்வி கேட்க யாரும் இல்லாமல், உப்புத் தண்ணீர் முதல் கைதட்டல் வரை முழுவதையும் சொன்னான். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். "எல்லாம் உன்னை வரவழைக்கத்தான்" என்றும் சேர்த்துவிட்டான். அதற்கு மேல் அவள் சாப்பிடவில்லையாம். கிராசியேத் கொடுத்த கம்பளிச் சட்டையைக் கழற்றி, மடித்து, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அவனே என் கடைக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு, நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தான். நான் பத்திரிகைக் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். கிராசியேத்தின் புருஷன் கிறிஸ்துமஸுக்கும் வரப்போவதில்லை என்பதை மட்டும் அவனிடம் சொல்லாமல் வைத்துக்கொண்டேன்.

மறுவாரம் நத்தேலா கடைக்கு வந்தாள். அப்படி வரவழைக்கப்பட்டவர்களும் இங்கே தங்க வேண்டுமானால், வந்த முதல் வருடத்துக்குள் கழகத்தில் சேர்ந்தாக வேண்டும், அதற்குப் பாஸ்போர்ட் ஜெராக்ஸ் வேண்டும். அவள் மெஷின் பக்கத்தில் ஒதுங்கி நின்றாள். வரும் வழியில் அவளும் எதிர்ப்பக்கமாகவே நடந்து வந்ததை நான் கண்ணாடி வழியாகப் பார்த்திருந்தேன். ஏதாவது ஆறுதலாகப் பேச வேண்டுமே என்று, மற்ற பாடமெல்லாம் சுலபம்தான், கடைசிப் பாடத்துக்குத்தான் நம்மால் பாதிக்கப்பட்ட ஆளைத் தேடி ஜனங்கள் ஊரெல்லாம் அலைகிறார்கள் என்று மெதுவாகச் சொன்னேன்.

அவள் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள்.

"எனக்குத் தேட வேணாங்க. கீழ் வீட்லயே இருக்காங்க."

நான் பிரதி எடுத்துக் கொடுத்தேன்.